பெயர் விழாத ஆறு வாரம்

மேற்படிப்புக்கு வெளிநாடு போக உதவித்தொகை தேடிய இரண்டு வருடங்களில் எத்தனை விண்ணப்பங்களைப் பார்த்தேன் என்று எண்ணி வைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி இருந்தது மறக்கவில்லை. நீங்கள் எந்த நாட்டின் பிரஜை? அந்த வரிக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். எனக்குப் பத்து வயதில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டம் எங்களை வெளியே நிறுத்தியது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கேதான் பிறந்தார் என்பதற்குக் காகிதம் காட்ட வேண்டும் என்றார்கள். அப்பா பிறந்தது பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அதை அவர் சொல்லத்தான் முடியும், காட்ட முடியாது. பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. அதற்கும் மனுப் போட்டார். அந்த மனுவும் திரும்பி வந்தது. எங்களை இந்தியர்கள் என்றார்கள். இந்தியாவோ எங்கள் வீட்டில் யாரும் பார்த்திராத நாடு.

இவ்வளவுக்கும் நடுவில் நான் படித்தேன். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, பிறகு ஹட்டனில் ஒரு பாடசாலை, பிறகு பல்கலைக்கழகம். தாவரவியலில் முதல் வகுப்பில் தேறினேன். எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். படித்து முடித்துக் கொட்டகலையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்ந்தபோது, லயத்தில் எல்லோரும் என் படிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும் முடியவில்லை.

காரணம் ஒரு பூஞ்சணம். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. இளம் இலையில் எண்ணெய்ப் புள்ளி போல ஒன்று விழும். சில நாளில் அது கொப்புளமாகப் புடைத்து, இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். மழை மாதங்களில் ஒரு மலை முழுவதும் அப்படிப் பூத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போகும்போது அந்த இலைகள் என் விரலில் ஒட்டும். பல்கலைக்கழகத்தில் உருப்பெருக்கியின் கீழ் முதல் முறையாக அந்த வெள்ளைத் தூளைப் பார்த்த அன்று, இதைத்தான் மேலே படிக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதைக் கற்பிக்கும் இடங்கள் கடல் கடந்து இருந்தன.

சனிக்கிழமைகளில் ரயிலேறிக் கண்டிக்குப் போவேன். அங்கே ஒரு வாசிகசாலையில், உலகத்துப் பல்கலைக்கழகங்கள் கொடுக்கும் உதவித்தொகைகளை எல்லாம் அச்சிட்ட தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அப்பியாசக் கொப்பியில் விலாசங்களையும் நிபந்தனைகளையும் எழுதிக்கொண்டு வருவேன். அரசாங்கம் தெரிவு செய்து அனுப்பும் உதவித்தொகைகள் பிரஜைகளுக்கு மட்டும். வெளிநாட்டு அரசுகள் கொடுப்பவை இலங்கைப் பிரஜைக்கு, அல்லது இந்தியப் பிரஜைக்கு. நான் இரண்டும் இல்லை. ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வருவேன். சில இடங்களுக்கு நிபந்தனையைப் படித்த பிறகும் எழுதிப் பார்த்தேன். மிகவும் மரியாதையாக வருந்தினார்கள்.

தோட்டத்துக்கு வரும் தபால் எல்லாம் ஆபீஸ் வழியாகத்தான் லயத்துக்கு வரும். எங்கே எப்போது தங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் கொட்டகலைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த நானாவின் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். அவர் முஸ்லிம்; முஸ்லிம் பெரியவர்களை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். அப்பா தீபாவளிக்குத் துணி எடுக்கும் கடை அது. வெளிநாட்டு முத்திரை ஒட்டிய கடிதம் வந்தால் தறித்துணிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்திருப்பார். நான் பாடசாலை விட்டு அந்த வழியாக வரும்போது, கடைக்குள்ளிருந்தே சத்தம் போடுவார்.

"புள்ள, காயிதம் வந்திருக்கு. இந்தத் தடவ கொஞ்சம் பாரமா இருக்கு, நல்ல சேதியாத்தான் இருக்கும்."

பாரமாக இருந்தால் திருப்பி அனுப்பிய என் சான்றிதழ்கள் உள்ளே இருக்கின்றன என்று அர்த்தம். அதை அவரிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை.

இரண்டாம் வருடம், அந்தத் தடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பைப் பார்த்தேன். இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பயிர் நோய்களைப் படிக்க ஒரு தனியார் அறக்கட்டளை கொடுக்கும் உதவித்தொகை அது. தேயிலையோ கோப்பியோ ரப்பரோ விளையும் நாட்டில் பிறந்த எவரும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. மறுபடி படித்தேன். பிரஜை என்ற சொல் அந்தக் குறிப்பில் எங்கேயும் இல்லை. பிறந்த என்றுதான் இருந்தது.

அச்சுப் பிழையாக இருக்குமோ என்ற பயத்தில், சுற்றி வளைக்காமல் எழுதிக் கேட்டேன். நான் இலங்கையில் பிறந்தேன். ஆனால் இலங்கை என்னைத் தன் பிரஜை என்று ஏற்கவில்லை. நான் விண்ணப்பிக்கலாமா? பதில் ஒரு மாதத்தில் வந்தது. இந்த உதவியை ஏற்படுத்திய அம்மையார் தன் உயிலில் பிறந்தவர் என்றே எழுதியிருக்கிறார், அதற்கு மேல் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை, பிறப்புச் சான்றிதழோடு விண்ணப்பத்தை அனுப்புங்கள் என்று இருந்தது. மூன்று மாதம் அவகாசம்.

எங்கள் தலைமையாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். பாடசாலைத் தட்டச்சு இயந்திரத்தில் என் விண்ணப்பத்தை அவரே அடித்துத் தர ஒப்புக்கொண்டார். பெற்றோர் தொழில் என்ற இடம் வந்ததும் விரலை நிறுத்தினார்.

"பிள்ளை, தகப்பனுக்குத் தொழிற்சாலை உத்தியோகத்தர் எண்டு போடுவம். தாய்க்கு ஒண்டும் எழுதத் தேவையில்லை."

"அவரு உத்தியோகத்தர் இல்லைங்க சேர். ரோலர்ல கொழுந்து கொட்டுறவரு."

"அது எனக்குத் தெரியும். வாசிக்கிறவைக்குத் தெரிய வேணுமே?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குக் கிடைக்க வேண்டும் என்று என்னைவிட அவர்தான் பதறினார். ஆனாலும் எனக்கு முகம் சுட்டது.

"அப்பா தேயிலை ஸ்டோர்த் தொழிலாளி, அம்மா கொழுந்து பறிக்கிறவங்கன்னே அடிங்க சேர். நான் கேக்குறது தேயிலையப் பத்திப் படிக்கத்தானே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அப்படியே அடித்தார்.

பிறப்புச் சான்றிதழ் அப்படி எளிதில் அமையவில்லை. அதுவரை என்னிடம் அது இருந்ததே இல்லை. ஹட்டனில் சேரும்போது தோட்டத்துப் பள்ளி வாத்தியார் எழுதிக் கொடுத்த துண்டு போதுமானதாக இருந்தது. இப்போது நுவரெலியாவில் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பதிவைத் தேடச் சொன்னேன். எங்கள் தோட்டத்தில் நான் பிறந்த மாதம், நான்கு நாள் இடைவெளியில் இரண்டு பெண் குழந்தைகள் பதிவாகியிருந்தன. இரண்டுக்கும் பெயர் எழுதும் இடம் காலி. லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் பெண், ஆண் என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். தாயின் பெயர் இரண்டிலும் ஒன்றே. பக்கத்து லயத்தில் அம்மாவின் பெயரிலேயே இன்னொரு பெண் இருந்தாள். அந்தக் குடும்பம் எப்போதோ இந்தியாவுக்குப் போய்விட்டது. தகப்பன் பெயர் எழுதிய இடத்தை ஈரம் தின்றிருந்தது.

கச்சேரி அதிகாரி சிங்களவர், நிதானமான மனிதர். புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்து ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்த இரண்டில் நீங்கள் யார்?"

இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறந்த நாள் தெரியாமல்தானே வளர்ந்தேன். ஆதாரம் கொண்டுவந்தால் பெயரைச் சேர்த்துத் தருகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கொங்காணியை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள். கொழுந்தெடுக்கும்போது கூடைக் கயிற்றுக்கு அடியில் தலையில் போடும் துணி அது.

"அவ புள்ள முந்தி. நீ நாலு நாள் பிந்தி."

"அதுக்குத்தான் ஆதாரம் கேக்குறாங்கம்மா. நீங்க சொன்னா மட்டும் போதாதாம்."

அவள் மடித்த கொங்காணியைக் கொடியில் போட்டாள்.

"நான் பேரு போடாத நாளப் பாக்கச் சொல்லு."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் பேர் விழுந்தது என்பார்கள். காலையில் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்த பிறகு, யார் வேலைக்கு வந்தார்கள் என்பதைச் செக்ரோல் புத்தகத்தில் குறித்துக்கொள்வார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஆறு வாரம் பேர் விழாது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்ததால் அம்மாவுக்கும் அந்த அம்மாளுக்கும் வேறு வேறு நம்பர் கொடுத்திருந்தார்கள். அம்மாவின் நம்பருக்கு எந்தத் தேதியிலிருந்து பேர் விழவில்லையோ, அதுதான் நான் பிறந்த நாள்.

மறுநாள் பெரட்டு முடிந்ததும் அம்மா மலைக்குப் போகாமல் ஆபீஸ் படியேறினாள். அன்று சனிக்கிழமை, நானும் கூட இருந்தேன். நான் பேசுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். வெள்ளைக்காரத் துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். தோட்டத் தமிழ் பேசுவார்.

"என்னா விசயம்?"

"எம் மகளுக்கு பொறந்த சர்ட்டிபிகேட்டு எடுக்கணுங்க தொரை. அவ பொறந்த வருசத்து செக்ரோல் புஸ்தகம் வேணுங்க."

"அது பழைய புஸ்தகம். எங்க இருக்கு, யாருக்குத் தெரியும்?"

"ஸ்டோரு பரண்ல இருக்குங்க. எங்க வீட்டுக்காரருதான் தூக்கி வச்சாரு."

துரை பெரிய கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் தலையைச் சொறிந்தார். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று துரை சொல்வதற்குள் அம்மா தொடர்ந்தாள். குரல் உயரவில்லை.

"இந்தத் தோட்டத்துல எனக்கு இருவத்தஞ்சு வருசமா பேரு விழுகுதுங்க தொரை. நான் வேல செஞ்ச நாளெல்லாம் தோட்டம் பாத்திருச்சு. செய்யாத நாள ஒரு தடவ பாக்கட்டுங்க."

பிறகு துரை பேனாவை மூடி வைத்துவிட்டு, அப்பாவை ஸ்டோரிலிருந்து கூப்பிடச் சொன்னார்.

அப்பா பரணில் ஏறி, தூசும் கரையானும் அப்பிய கட்டுகளைப் பிரித்துப் பிரித்து மதியத்துக்குள் அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கிளாக்கர் விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு வந்தார். அந்த அம்மாளின் நம்பருக்கு ஒரு திங்கட்கிழமையிலிருந்து பேர் இல்லை. அம்மாவின் நம்பருக்கு வியாழக்கிழமை வரை பேர் இருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து ஆறு வாரம் வெறும் கட்டங்கள்.

"வியாழக்கெழம வரைக்கும் மலைக்குப் போயிருக்கியா?" என்று கிளாக்கரே ஆச்சரியப்பட்டார்.

"பின்ன? வலி ராத்திரிதானே வந்துச்சு."

துரை அந்த இரண்டு பக்கங்களையும் நகல் எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் அம்மாவும் நானும் நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போனோம். அதிகாரி நகலையும் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளை ஒத்துப் பார்த்தார். பிறகு காலியாக இருந்த இடத்தில் என் பெயரை எழுதினார். அம்மாவிடம் பெருவிரல் அடையாளம் வாங்கினார். அவள் விரலை அழுத்தி எடுத்துவிட்டு, மை நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"ஒனக்கு பேரு விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சும்மா."

அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, அவரும் சிரித்தார்.

விண்ணப்பம் போனது. அடுத்து, கொழும்பில் நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அறக்கட்டளையின் சார்பில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தாவரவியல் பேராசிரியர், மற்றவர் பல வருடம் தோட்டத் துரையாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலேயர். பேராசிரியர் என் படிப்பைப் பற்றிக் கேட்டார். மற்றவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, தாயின் தொழில் கொழுந்து பறிப்பது என்று எழுதியிருக்கிறதே, சரிதானா என்றார். சரி என்றேன். நீங்களும் பறித்திருக்கிறீர்களா என்றார். பறித்திருக்கிறேன் என்றேன்.

"கொப்புளம் விழுந்த இலை கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?"

புத்தகத்தில் உள்ள பதில் ஒன்று இருந்தது. ஆனால் அவர் கேட்டது என்னை.

"கூடையில் போட்டால் கங்காணி ஏசுவார். அதனால் அவர் பார்க்காத நேரத்தில் செடிக்கு அடியில் உதறிவிடுவோம். அது தவறு என்று பல்கலைக்கழகத்தில்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளை பூத்த இலையை உதறினால் தூள் காற்றில் போகும். எவ்வளவு தூரம் போகும், எந்த மழையில் போகும், எந்த வெயிலில் செத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. அதைப் படிக்கத்தான் கேட்கிறேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பது வருடம் தோட்டத்தில் இருந்தும் அந்த இலைகள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது என்றார் பழைய துரை. பேராசிரியர் சிரித்துவிட்டார்.

முடிவு வந்தது ஒரு புதன்கிழமை. பாடசாலை நேரத்தில் வந்திருக்கிறது. நானாவுக்குப் பொறுக்கவில்லை. கடையை அடைத்துவிட்டு என்னைத் தேடிப் பாடசாலைக்கு வருவதற்குப் பதில், பெற்றவள் கையில் கொடுப்பதுதான் முறை என்று தோட்டத்துக்கு நடந்தார். அம்மா அன்று வேலை செய்த மலையைக் கேட்டுக் கேட்டு ஏறி, மூச்சு வாங்க அவளிடம் கடிதத்தைக் கொடுத்தார்.

"தங்கச்சி, இது பாரமில்லாத காயிதம். ஆனா எனக்கென்னமோ இதுதான்னு படுது. நீங்களே கொண்டு போய்க் குடுங்க."

அம்மா கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அன்றைக்கு அரைப்பேர்தான் விழும் என்று அவர் சொன்னதற்கு, விழுந்தால் விழட்டும் என்றாளாம். எட்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் வேரின் குறுக்குவெட்டை வரைந்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் வாசலைப் பார்த்தார்கள். இடுப்பில் சேலை நனையாமல் கட்டும் படங்குச் சாக்கும் முதுகில் கூடையும் வெறுங்காலில் செம்மண்ணுமாக அம்மா நின்றாள். நான் வேலை செய்யும் இடத்துக்கு அவள் வந்தது அதுவே முதல் தடவை. உள்ளே வாங்கம்மா என்றேன். மண் ஒட்டும் என்று வாசலிலேயே நின்று கடிதத்தை நீட்டினாள்.

ஒரே ஒரு தாள். முதல் வரியிலேயே சொல்லிவிட்டார்கள். மூன்று வருடப் படிப்பு, தங்குமிடம், கப்பல் பயணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

நான் அந்தத் தாளையே மறுபடி மறுபடி படிப்பதைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாள்.

"என்ன பாப்பா? இல்லேன்னுட்டாங்களா?"

"குடுத்துட்டாங்கம்மா."

பிள்ளைகளின் சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியர் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். அதுவரை அம்மாவை எந்த உத்தியோகக்காரரும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. கூடையோடு நின்ற அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், தன் நாற்காலியில் உட்கார வைத்து, தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

"அம்மா, உங்கட மகள் நான் சொன்னதைக் கேக்கேல்லை. கேக்காமல் விட்டது நல்லதாப் போச்சுது."

அவர் எதைச் சொல்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுத் தேநீரைக் குடித்தாள்.

பயணப் பத்திரம் வாங்க இன்னும் சில மாதம் அலைந்தேன். கடவுச்சீட்டு கிடையாது. அடையாளச் சான்று என்று ஒரு தாளைத்தான் கொடுத்தார்கள். திரும்பி வருவதற்கான அனுமதியையும் அதிலேயே முத்திரை குத்தி வாங்கினேன். அது இல்லாமல் போகக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். தேசியம் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள். பிறந்த இடம் என்ற வரியில் எங்கள் தோட்டத்தின் பெயர் முழுதாக இருந்தது. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதைக் காட்டித்தான் போனேன், மூன்று வருடம் கழித்து அதைக் காட்டித்தான் திரும்பி வந்தேன்.

புறப்பட்ட நாளில் கொட்டகலை ஸ்டேஷனுக்கு அரைத் தோட்டமே வந்திருந்தது. நானா ஒரு கம்பளிச் சால்வையைக் கையில் திணித்தார். அம்மா ரயிலேறவில்லை. கொழும்பு வரை வந்தால் அழுதுவிடுவேன், அங்கே அத்தனை சனத்துக்கு முன்னால் வேண்டாம் என்றாள். ஆனால் ஸ்டேஷனிலும் அவள் அழவில்லை. ரயில் நகரும் வரை என் பெட்டி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்பதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா மட்டும் என்னோடு வந்தார். மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் எனக்கு, பக்கத்தில் அவர். நாவலப்பிட்டியில் கூடை நிறையத் தோடம்பழத்தோடு ஒரு சிங்களக் கிராமத்துக்காரர் ஏறி எதிரில் உட்கார்ந்தார். என் பெரிய பெட்டியையும் நானாவின் சால்வையையும் பார்த்துவிட்டு, எங்கே பயணம் என்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார். ஸ்டோர் இரைச்சலிலேயே காலம் கழித்தவர், வெளியாட்களிடம் அதிகம் பேசாதவர். தன் உடைந்த சிங்களத்தில் சொன்னார்:

"மகே துவ. எங்கலந்தெட்ட யனவா, இகென கன்ன."

என் மகள், இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறாள் என்று. கிராமத்துக்காரர் எழுந்து நின்று "ஹரி ஹொந்தய், ஹரி ஹொந்தய்" என்று, மிக நல்லது என்ற அர்த்தத்தில் சொல்லி, என் மடியில் இரண்டு தோடம்பழத்தை வைத்தார். கம்பளையில் ஏறியவரிடம், அவர் கேட்காமலே, அப்பா சொன்னார். பேராதனைச் சந்தியில் ஏறிய ஒரு குடும்பத்திடம் என்ன படிப்பு, எத்தனை வருடம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். வெட்கத்தில் நான் அவர் சட்டைக் கையை இழுத்தேன்.

"சொல்றேன் விடு பாப்பா," என்றார் அவர். "இன்னைக்கு ஒரு நாள் சொல்லிக்கிறேன்."

கடுகண்ணாவ மலையில் ரயில் வளைந்து இறங்கும்போது அந்தப் பெட்டியில் விஷயம் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. கீழ்நாட்டு வெக்கை ஜன்னல் வழியாக உள்ளே வரத் தொடங்கியது. அப்பா கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த ஸ்டேஷனில் யார் ஏறுவார்கள் என்று வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.